அண்ணனின் கண்ணும் எலிகளின் மருந்தும்

நான் வேலை பார்க்கும் ஜெர்மன் ஆய்வுக்கூடத்தில், மதியமானால் நடைவழியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் ‘மால்சைட்’ என்கிறார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருள். சாப்பிட்டாயா என்று கேட்கிறார்களாக்கும் என்று நினைத்து, முதல் ஆறு மாதமும் நின்று நின்று பதில் சொன்னேன்: இன்னும் இல்லை, டப்பாவில் புளிச்சோறு இருக்கிறது, ஒரு மணிக்குச் சாப்பிடுவேன். அவர்கள் விழித்துவிட்டு நகர்ந்தார்கள். அது வெறும் வணக்கம் என்று யாரும் சொல்லவில்லை. ஒருமுறை இப்படித் தப்பாகப் புரிந்துகொண்டது பெரிய காரியத்தில் போய் நின்றது.

என் வேலை எலிக் கண்களோடு. விழித்திரையில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைப்பது ஒரு நோய். அவற்றை வளரச் சொல்வது ஒரு புரதம். அந்தப் புரதத்தைச் செய்யும்படி ஜீனிலிருந்து ஒரு செய்தி போகிறது. எங்கள் மருந்து அந்தச் செய்தியைப் பாதி வழியிலேயே வெட்டிவிடும். ஜீன் இருக்கும், அதன் பேச்சு எடுபடாது. ஜீனை ஊமையாக்குவது என்கிறோம். மருந்து போட்ட எலிகளுக்குத் தாறுமாறான ரத்தக்குழாய்க் கொத்துகள் குறைந்துகொண்டு வந்தன.

அந்தச் சமயத்தில்தான், தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் அண்ணன் செல்வின், நாசரேத் ஊரிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து போனில் கூப்பிட்டான்.

“வலது கண்ணுல முடி மாதிரி மெதக்குதுளா. சுகராலன்னு டாக்டர் சொல்லுதாரு. உள்ள புதுசா ரத்தக்குழாய் மொளைக்காம். இதானே நீ அங்கன பாக்க வேலை? ஒரு குப்பி குடுத்துவிடு.”

“அது எலிக்குத்தான் அண்ணே. மனுசருக்கு இன்னும் போட்டதில்ல. ஊசியும் லேசரும் திருநெல்வேலியிலயே இருக்கு, போ.”

“போனா போர்ட் ரெக்கார்டுல ஏறிரும். கிரேன விட்டு எறக்கிருவானுவ.”

அந்தக் கண்ணோடுதான் அவன் கண்டெய்னர் தூக்கிக்கொண்டிருந்தான். கீழே ஆட்கள் நிற்பார்கள்.

மறுநாள் என் மேலாளர் ஹைக்கேயிடம் போய், “எனக்குக் கொஞ்சம் வேண்டும், அண்ணன் கண்ணுக்காக” என்று என் ஜெர்மனில் கேட்டேன். அவள் என் தோளைத் தொட்டு, “நிம் டியா, வஸ் டு ப்ரௌக்ஸ்ட்” என்றாள். தேவையானதை எடுத்துக்கொள். உறைபெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தேன். இது அவன் கண்ணைக் காக்குமா, இருப்பதையும் கெடுக்குமா என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதை எடுத்துக்கொள்ளச் சொன்னவள் எப்படிப்பட்டவள்? குழம்பிப்போய் நின்றபோது ஹைக்கே ஒரு படிவத்தோடு வந்து, “எத்தனை நாள் லீவு?” என்றாள். ஊருக்குப் போக நாள் கேட்கிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். குப்பியை அதன் இடத்தில் வைத்துக் கதவை மூடினேன்.

அந்த லீவில் ஊருக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கு வர அண்ணன் பிடிகொடுக்கவில்லை. மூன்றாம் நாள், “நீ சொல்லலன்னா உங்க சூப்பர்வைசர்ட்ட நான் சொல்லுதேன்” என்றேன்.

“சொல்லு. பெறகு இங்கன வராத.”

சொன்னேன். அன்றைக்கே அவனைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனபிறகுதான் அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஊசி, லேசர், மறுபடி ஊசி. இடது கண் தப்பியது. வலது கண் மங்கலோடு நின்றுவிட்டது. முந்தியே சொல்லியிருந்தால் அதுவும் தப்பியிருக்குமோ, சொல்லாமலே விட்டிருந்தால் என்ன நடந்திருக்குமோ, எதுவும் எனக்குத் தெளியவில்லை. வேலையை எடுத்தவளா, கண்ணைக் கொடுத்தவளா நான்? ஜெர்மனிக்குத் திரும்பும்வரை அண்ணன் என் முகம் பார்த்துப் பேசவில்லை.

இப்போது அவனுக்கு உப்பு லாரிகளின் எடைமேடையில் வேலை. போன வாரம் அவனாகவே கூப்பிட்டான். “கேளுளா” என்று சொல்லிவிட்டு, எதிரே வந்த லாரியின் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். பிறகு அடுத்த லாரி. “சரியா வாசிக்கேனா?”

என் ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

“சரிதான் அண்ணே” என்றேன், பார்க்காத லாரிக்கு.