மதுரைக்குத் தனியாகப் போய் வரவும்

பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கல்லூரிக்கு வழி சொல்லும் ஆசிரியரின் வேலை, சாலையோரக் கைகாட்டிப் பலகையின் வேலைதான். எல்லாரும் நின்று படிப்பார்கள், பிறகு ஆட்டோக்காரரிடம் விசாரித்துக்கொண்டு வேறு பக்கம் போவார்கள். இதே பொறுப்பில் மாட்டிக்கொண்ட சக ஆசிரியர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம், மாட்டாதவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

பொறுப்பு வந்த விதம்

நான் ராஜபாளையத்துக்காரன். தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். கணித ஆசிரியர் இருக்கிறார், வேதியியல் ஆசிரியர் இருக்கிறார். செத்துப்போன மன்னர்களைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசத் தெரிந்த என்னிடம் பிள்ளைகளின் எதிர்காலத்தை ஏன் ஒப்படைக்கிறீர்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் தேநீரை உறிஞ்சியபடி சொன்னார்:

“நீங்கதான் சார் எப்பப் பாத்தாலும் பேப்பர் படிச்சிக்கிட்டே இருக்கீங்க. அதுல எல்லாம் போட்டிருக்கான்ல?”

சந்தேகம் இருந்தால் கேட்கலாம்

இந்த வழிகாட்டுதலின் முதல் வகுப்புக்கு நான் ஒரு வாரம் தயாரானேன். எந்தப் படிப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள், பெயர் மட்டும் பளபளப்பாக இருக்கும் படிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது, விளம்பரத்தில் இருக்கும் நீச்சல் குளம் கல்லூரியிலும் இருக்கிறதா என்று எப்படி விசாரிப்பது என்றெல்லாம் தொண்டை வறளப் பேசினேன். நடுவில் நாளந்தாவைக்கூடத் தொட்டுவிட்டு வந்தேன். அது தேவையில்லைதான், ஆனால் நாளந்தாவைத் தொடாமல் எனக்குக் கல்வி பற்றிப் பேச வராது.

கடைசியில் சந்தேகம் கேளுங்கள் என்றேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். எனக்குச் சந்தோஷம்.

“சார், அந்தக் காலேஜ் பஸ்ஸு ஊருக்குள்ள வருமா, மெயின் ரோட்டுலயே நின்னுக்கிருமா?”

கான்சாபுரத்து அப்பா

வகுப்பில் நாளந்தாவின்போது விழித்திருந்த ஒரே ஜீவன் கவிதா. கான்சாபுரத்திலிருந்து வருகிற பெண். கணக்கில் கெட்டிக்காரி. மதுரையில் ஒரு கல்லூரியில் விடுதியில் தங்கிப் புள்ளியியல் படிக்க வேண்டும் என்பது பிளஸ் ஒன்னிலிருந்தே அவள் ஆசை. அவளுடைய அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது தென்னந்தோப்பு பார்க்கிறார். வீட்டு வாசலில் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும் கல்லூரி என்றால் அவருக்கு எந்தப் படிப்பும் சம்மதம். மதுரை என்றால் எந்தப் படிப்பும் கூடாது.

அவள் பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்த இரண்டு வருஷத்தில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் பேசினேன். ஏன் கூடாது என்றால், தனியாகப் போய்ப் பழக்கமில்லாத பிள்ளை என்பார். பழகட்டுமே, ஒருநாள் அனுப்பிப் பாருங்கள் என்றால் முகம் கடுத்துவிடும். இந்த வகை வாதத்துக்குத் தர்க்க நூல்களில் ஒரு பெயர் இருக்கிறது. ராணுவத்தில் இருந்தவரிடம் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

“நல்லாப் பழகட்டும் சார், பொறவு அனுப்புதேன். பழகாத பிள்ளைய எப்பிடித் தனியா அனுப்ப?”

வீட்டுப்பாடம்

பொறுக்க முடியாமல் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். சேர விரும்பும் கல்லூரிக்கு ஒரு சனிக்கிழமை தனியாகப் போக வேண்டும். அலுவலகத்தில் கேள்வி கேட்க வேண்டும், விடுதியைப் பார்க்க வேண்டும், தனியாகத் திரும்ப வேண்டும். ‘தனியாக’ என்ற சொல்லுக்குக் கரும்பலகையில் அடிக்கோடு போட்டேன். பெற்றோரையும் அழைத்துச் சொன்னேன். நான் ஆச்சரியப்படும்படி கவிதாவின் அப்பா, “ஒருநாள்தான, போயிட்டு வரட்டும். அதை வச்சிப் பாப்போம்” என்றார். அவர் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் போனவன் ராஜபாளையத்து நூல் வியாபாரியின் மகன். திங்கட்கிழமை அவன் காட்டிய போட்டோவில் கல்லூரி வாசலுக்கு முன்னால் ஒரு வேன், அதைச் சுற்றி அப்பா, அம்மா, இரண்டு அத்தைகள், ஒரு கைக்குழந்தை, புளியோதரைத் தூக்கு. அடிக்கோட்டை ஞாபகப்படுத்தினேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“தனியாத்தான் சார் போனேன். அவுக எல்லாம் வேன விட்டு எறங்கவே இல்ல, போட்டோவுக்குத்தான் எறங்குனாக!”

மாட்டுத்தாவணி

அடுத்த சனிக்கிழமை கவிதா போனாள். நடந்ததை அவளே சொன்னாள். காலையில் மகளை வழியனுப்பிவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அவள் பின்னாலேயே அடுத்த பஸ்ஸில் அப்பாவும் கிளம்பியிருக்கிறார். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர், அங்கே காத்து நின்ற மகள் ஒரு டவுன் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்து ஓடிப்போய் ஏறியிருக்கிறார், பக்கத்து பஸ்ஸில்.

இவள் கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டு, விடுதியைப் பார்த்து, உணவுக்கூடத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது போன் அடித்தது. எல்லையில் பனியில் காவல் நின்றவர் பேசினார். “ஏட்டி, நான் எங்க நிக்கேன்னு தெரியல.” எதிரே என்ன தெரிகிறது என்று கேட்டிருக்கிறாள். நகைக்கடை என்றிருக்கிறார். மதுரையில் அது ஓர் அடையாளமே அல்ல. பக்கத்தில் நிற்பவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, இடத்தை விசாரித்து, “நின்ன எடத்துலயே நில்லுங்கப்பா, அசையாதீங்க” என்று உத்தரவு போட்டு, பஸ் மாறிப் போய் அவரைக் கண்டுபிடித்து, சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்து ஊர் கொண்டுவந்து சேர்த்தாள்.

திங்கட்கிழமை அவர் பள்ளிக்கு வந்தார். நான் எதுவும் தெரியாதவன்போல் பேப்பரை மடித்து வைத்து, என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“போகட்டும் சார், மதுரைக்கே போகட்டும். ஆனா லீவுக்கு அவளாத்தான் வந்துக்கிடணும். கூட்டியாறதுக்கு நான் அந்த ஊருக்குப் போகமாட்டேன்.”

இரண்டு வருஷம் நான் பேசிப் பேசி அங்குலம்கூட நகர்த்த முடியாத ஒரு மனிதரை, என்ன நம்பர் என்று அவருக்கே தெரியாத ஒரு மதுரை டவுன் பஸ் அரைமணி நேரத்தில் நகர்த்திவிட்டது.