குடை இருந்த கதிரை

பத்தாம் வகுப்போடு நின்ற நான் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனந்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அச்சுவேலியில் என் மகன் போன பாலர் பாடசாலையின் ரீச்சரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. அங்கே பெரியவர்களுக்கான கதிரை ஒன்றுதான். அதில் எப்போதும் அவருடைய கறுப்புக் குடை கிடக்கும். அவர் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில்தான் இருப்பார்.

ஒருநாள் என் மகன் ஒரு சிறுமியின் கையைக் கடித்துவிட்டான். அவளுடைய தகப்பன், ஆறடி ஆள், சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டுப் பாய்ந்து வந்தார்.

"உந்தக் கடிநாயை நிப்பாட்டுங்கோ! இல்லாட்டி என்ரை பிள்ளையை நான் நிப்பாட்டுறன்!"

நடந்துபோகும் தூரத்தில் எங்களுக்கு வேறு பாடசாலை இல்லை. மகனைக் கூட்டிப்போக வந்திருந்த நான் கதவோடு ஒட்டி நின்றேன்.

"ஓம், கதைப்பம். இருங்கோ தம்பி," என்றார் ரீச்சர்.

தகப்பன் பெரிய கதிரையைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், கடைசியில் குட்டிக் கதிரையில் இருந்தார். முழங்கால்கள் நாடியில் முட்டின.

"அப்பா தவளை மாதிரி இருக்கிறார்!" என்று மகள் சிரித்தாள். கடித்தவனும் சேர்ந்து சிரித்தான்.

"கோவம் வந்தா நீங்கள் கதைக்கிறியள். உவனுக்கு இன்னும் வடிவாக் கதைக்க வராது, அதுதான் கடிச்சவன். நான் பழக்கிறன்."

"சரி ரீச்சர். முதல்லை என்னை எழுப்பிவிடுங்கோ."

குடையை வேண்டுமென்றுதான் வைத்தாரா என்று கேட்க எனக்குக் கூச்சம்.

அடுத்த நாள் நல்ல மழை. இரண்டு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ரீச்சர் நனைந்துகொண்டு வந்தார். குடை கதிரையில் கிடந்தது.