பனிக்கு ஆகாத மெட்டி

விடிந்ததும் இடுப்பில் பட்டையைக் கட்டி, இரண்டு பழைய லாரி டயர்களை இழுத்துக்கொண்டு பினாங்கின் கெலுகோர் மைதானத்தைச் சுற்றி வருவேன். பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கும் ஒரு காலத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. இப்போது இல்லை. அதே மைதானம், அதே டயர், நடக்க வரும் அதே முகங்கள். ஓர் அண்ணன் மட்டும் தினமும் தவறாமல் கேட்பார்.

"இன்னும் போகலையாம்மா?"

"போவேண்ணே."

"அங்க ஐஸ்லதான இழுக்கணும்? இங்க வேர்வையில இழுக்குறியே."

அவருக்குப் பதில் சொல்லி மாளாது. பினாங்கில் பனி விற்காது அண்ணே, கிண்ணத்தில் சர்க்கரைப்பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங்தான் விற்கும் என்று ஒருநாள் சொன்னேன். சிரித்துவிட்டு மறுநாள் அதையே கேட்டார்.

நான் துருவங்களுக்குப் போகிறவள். பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை என்கிற ஊரில் ஒரு பெக்டரியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். டயர்கள் அவருடைய லாரியில் தேய்ந்து கழிந்தவை. கிரீன்லாந்தை, சாமான் ஏற்றிய சறுக்குவண்டியை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு, பனிச்சறுக்குக் கட்டைகளில் குறுக்காகக் கடந்திருக்கிறேன். தென்துருவத்துக்குப் போன முறை புறப்பட்டு, புயலில் கூடாரத்துக்குள் முடங்கிக் கிடந்து, சாப்பாடு தீரும் நிலையில் திரும்பி வந்தேன். அந்தப் பாதியை முடிக்கத்தான் இந்தப் பயணம். என்னோடு வேறு நாடுகளைச் சேர்ந்த இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களில் ஒருவர்தான் எப்போதும் பயணத் தலைவர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அலுத்துவிட்டது. இழுப்பது அலுப்பு. அங்கே உடம்பு கரையும் என்பதால் இங்கேயே சதை போட வேண்டும், அதற்காகத் தோசை மேல் வெண்ணெய், சோற்றில் வெண்ணெய், காப்பியில் வெண்ணெய் என்று விழுங்குவது அதைவிட அலுப்பு. பெக்டரியில் "நல்லா குண்டாயிட்டீங்க அக்கா" என்பார்கள். கோயில் விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவார்கள். வீட்டு அலமாரியில் ஒரு தட்டு முழுக்கப் பொன்னாடை. ஒன்றாவது குளிருக்குத் தாங்குமா? ஜரிகைதான் குத்தும். நம்ம பொண்ணு, நம்ம பொண்ணு என்று மைக்கில் சொல்கிறவர்களிடம், எனக்குப் போக மனமில்லை ஐயா என்று எப்படிச் சொல்வது?

யாராவது ஒருவர் "வேண்டாம், போகாதே" என்று சொன்னால் போதும், நின்றுவிடலாம் என்று இருந்தேன். அப்படிச் சொல்லும் உரிமை உள்ளவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். இத்தனை வருடங்களில் அவர் ஒருமுறைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. இந்த முறை சொல்லுவார் என்று ஏனோ நம்பிக்கொண்டிருந்தேன்.

போன பயணத்தில் என் வலது காலின் இரண்டாம் விரல் மரத்துப்போய், ஊர் திரும்பிய பிறகு நகம் கறுத்து விழுந்தது. பூட்ஸ்தான் காரணம் என்று அதைத் திட்டித் தீர்த்தேன். இந்தப் பயணத்துக்கு ஓர் அளவு பெரிய பூட்ஸ் வரவழைத்தேன். அதைச் சோதித்துப் பார்க்கப் பினாங்கில் ஒரே வழிதான். பிறையில், என் வீட்டுக்காரர் சரக்கு ஏற்றும் மீன் கிடங்கின் குளிர் அறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கிடங்கு மேலாளரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனோம். வெளியே தார் உருகும் வெயில். உள்ளே கெம்போங் மீன் பெட்டிகளுக்கும் இறால் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, முழு உடுப்போடு உட்கார்ந்தேன். நடந்தால் கால் சூடாகிவிடும். அசையாமல் இருந்தால்தான் பூட்ஸின் யோக்கியதை தெரியும். அவ்வப்போது கதவைத் திறந்து கிடங்குப் பையன் ஒருவனின் தலை எட்டிப் பார்க்கும்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன், கதவ மூடுலா!"

நேரம் ஆக ஆக மற்ற விரல்கள் எல்லாம் இதமாகவே இருந்தன. வலது காலில் அதே இரண்டாம் விரல் மட்டும் முதலில் வலித்தது, பிறகு வலி நின்றது. வலி நிற்பதுதான் பயம். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

காரில் உட்கார்ந்து பூட்ஸையும் காலுறைகளையும் கழற்றினால், விரல் மெழுகு போல வெளுத்துக் கிடந்தது. தேய்க்கக் கூடாது, இன்னொருவர் வயிற்றுச் சூட்டில்தான் வைக்க வேண்டும். கூடாரத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். என் வீட்டுக்காரர் சட்டையைத் தூக்கி, என் பாதத்தைத் தன் தொப்பை மேல் வைத்துக்கொண்டார். பக்கத்தில் லாரிக்காரர்கள் தேநீர் குடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அவர் அசையவில்லை.

சற்று நேரம் கழித்துச் சொன்னார்.

"காலு சூடாயிருச்சி. இது மட்டும் இன்னும் ஜில்லுன்னு குத்துது."

"எது?"

"மெட்டி."

குனிந்து பார்த்தேன். வெண்ணெய் தின்று ஏறிய சதையில் வெள்ளி வளையம் புதைந்து கிடந்தது. அதற்கு நுனிப்பக்கம் வெளுப்பு, அடிப்பக்கம் சிவப்பு.

பயணத் தலைவர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று. நான் தோட்டைக் கழற்றினேன், மூக்குத்தியைக் கழற்றினேன், வளையல்களைக் கழற்றினேன். தாலியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு, கயிற்றில் வெறும் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு, பெரிய தியாகம் செய்தவள் போல நடந்துகொண்டேன். மெட்டியை நான் நகை என்று நினைத்ததே இல்லை. அது என் கால். கல்யாணத்தன்று அம்மி மேல் காலை வைத்தபோது அவர் மாட்டிவிட்டது, அதற்குப் பிறகு ஒருநாளும் கழற்றியதில்லை. கிரீன்லாந்துக்குப் போயிற்று, தென்துருவப் பாதி வழிக்கும் போயிற்று. பாவம் அந்தப் பழைய பூட்ஸ், வீணாகத் திட்டு வாங்கியது.

விரலுக்கு உயிர் வந்துவிட்டது. மெட்டிதான் வரவில்லை. வீட்டில் சோப்புப் போட்டேன், நல்லெண்ணெய் போட்டேன், நூல் சுற்றி இழுத்தேன். என்னுடையது வாய் திறந்த மெட்டி இல்லை, முழு வளையம். இடது காலில் இந்த அளவுக்கு இறுக்கம் இல்லாததால் விரல் தப்பித்திருந்தது, ஆனால் கழற்றப் போனால் அங்கேயும் அதே கதை. அவர் ஹாலில் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வைக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் சூலியா தெருவை அடுத்த சந்தில் ஒரு நகைப் பட்டறைக்குப் போனேன். ஆசாரி என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"வெட்டிறலாம். புது மெட்டிய எடுத்து வச்சிட்டு வெட்டுறேன், ஒடனே போட்டுறலாம்."

"புதுசு வேணாம். வெறும் காலாத்தான் இருக்கணும்."

அவர் கத்தரிப்பானைக் கீழே வைத்துவிட்டார். "உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காருல்ல? அவர கூட்டிட்டு வாங்கக்கா. அவர் சொல்லாம நான் இதுல கை வைக்க மாட்டேன்."

கோபம் வந்தது. என் கால், என் விரல். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் கோபம் போய், மனதில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. இதற்கு அவர் சம்மதிக்க மாட்டார். பெண்டாட்டியின் மெட்டியை எடுத்துவிட்டு வெறும் காலோடு இருக்க விடுவது எதற்கு அடையாளம் என்று அவருக்குத் தெரியாதா? இந்த மெட்டியைச் சாக்கிட்டு அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். நான் கொஞ்சம் சண்டை போட்டுவிட்டு, சரி என்று விடலாம்.

ஆசாரி சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து கீழே போனார். லாரியின் கருவிப் பெட்டியிலிருந்து கம்பி வெட்டும் குறடோடு வந்தார். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, "கால குடு" என்றார்.

மடியில் என் காலை வைத்துக்கொண்டு, தோலுக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு துண்டுத் தகரத்தைச் செருகி, மெதுவாக நெரித்தார். இரண்டு காலிலும் வெட்டி எடுத்து, துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் விரல்களில் வெள்ளை வெளேரென்று இரண்டு தடங்கள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மெட்டிதானே, விடு."

"மெட்டிக்கு இல்லங்க. எனக்குப் போகப் பிடிக்கல. அலுத்துருச்சி. நீங்க வேணாம்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவர் குறடைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தெரியும். தெனமும் டயர இழுத்துட்டு வர்ற மூஞ்சியப் பாக்குறேன்ல. ஆனா நான் சொல்லி நீ நின்னா, கட்டையில போற வரைக்கும் என்னயத்தான் குத்தம் சொல்லுவ. அது என்னால முடியாது." பிறகு என் காலை மடியிலிருந்து இறக்கினார். "ஒண்ணு பண்ணு. சனிக்கெழம ரெண்டு பேரும் ஆசாரி கடைக்குப் போவோம். போகலன்னா அங்கேயே புது மெட்டி போட்டுக்க. போறதுன்னா வெறும் காலோட இரு. நீயே சொல்லு."

அந்த வாரம் முழுவதும் அவர்மேல் எனக்கு ஆத்திரம். வேறொருத்தி என்றால் இப்படிப்பட்ட கணவரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். தூக்கிச் சுமக்க ஒருவர் வேண்டும் என்று நான் கேட்டால், இவர் மூட்டையைத் திரும்ப என் தலையிலேயே வைக்கிறார். டயரை இழுத்தேன். திட்டிக்கொண்டே இழுத்தேன். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. மைதானத்தில் ஈ காக்கா இல்லை. வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. போகவில்லை. அலுப்பு கொஞ்சமும் குறையாமல்தான் இருந்தது. அது போக வேண்டாம் என்று சொல்கிற அலுப்பு இல்லை, வெறும் அலுப்பு என்பது மட்டும் அன்று புரிந்தது.

சனிக்கிழமை சூலியா தெருவில் மாமாக் கடையில் நாசி கண்டார் சோறு சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு ஆசாரி கடைச் சந்து வரைக்கும் ஒன்றாக நடந்தோம். சந்தின் முனையில் நான் நின்றுவிட்டேன்.

"வேணாங்க. காடிக்குப் போவோம்."

அவர் என் கால்களைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "நீ போய் ஏசியப் போட்டு உக்காரு" என்று கார் சாவியைக் கொடுத்துவிட்டு, அவர் மட்டும் கடைக்குள் போனார். வர வெகுநேரம் ஆயிற்று.

"எங்க போனீங்க?"

"புது மெட்டிக்குச் சொல்லிட்டு வந்தேன். நீ வர்றப்ப ரெடியா இருக்கணும்ல."

"நான் வராம அளவு எப்படிக் குடுத்தீங்க?"

"வெட்டின பழச காட்டுனேன்." காரை எடுத்தபடியே சொன்னார். "ஒரு சுத்து சின்னதா அடிக்கச் சொல்லியிருக்கேன். மெலிஞ்சிதான திரும்பி வருவ."