இரணைமடு அரிசி ஆலையில் நாற்பத்தொரு காலைகள்

போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் இரணைமடுவுக்குப் போனது குளம் பார்ப்பதற்காக அல்ல. அங்குள்ள ஓர் அரிசி ஆலையின் மின்மாற்றி என் ஆய்வேட்டைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்ல முடியாவிட்டால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடும்படி என் மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அதை எடுத்தால் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான். கருவிப் பெட்டியோடு வன்னிக்குப் போக நினைக்கும் மாணவர்களுக்கு உதவலாம் என்று வழியையும் செலவையும் எழுதி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். அந்த ஆலையில் இருப்பது ஜப்பானிலிருந்து வந்த பழைய இயந்திரம். அதன் மூன்று மோட்டார்களுக்கும் 200 வோல்ட் வேண்டும். எங்கள் 400 வோல்ட்டைக் குறைத்துக் கொடுப்பது மின்மாற்றி. அதற்குள் இருக்கும் இரும்பு ஓரளவுக்குத்தான் காந்தத்தை ஏற்கும். மூட்டை நிறையும்வரை நெல் போகும், நிறைந்தபின் சிந்தும். அப்படித்தான் இதுவும், எல்லை தாண்டினால் மின்னோட்டம் கண்டபடி எகிறும். முதல்நாள் நிறுத்தும்போது இரும்பில் காந்தம் மிச்சம் நின்றிருந்தால், மறுநாள் சுவிச் போட்டதும் அந்த எல்லை சுலபமாகத் தாண்டப்படும். அப்போது பாயும் மின்னோட்டம் வழக்கமான அளவைப் போல் பத்து மடங்குக்கு மேல் என்றது என் கணினிக் கணக்கு. முதல் தடவை போனபோது ஆலையில் நான் மாட்டிவிட்டு வந்த பதிவுக்கருவி, நாற்பத்தொரு காலைகளில் ஒருநாள்கூட மூன்று மடங்கைக் காட்டவில்லை.

வவுனியாவில் காலை 6.20க்கு பஸ். இரணைமடுச் சந்திக்கு 290 ரூபாய். கனகராயன்குளத்தில் ஏழே காலுக்கு ஒரு தேநீர். முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் வழக்கம்போல எல்லோரும் இறங்கிக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் கடலையோடு ஏறினார்கள். நானும் பிள்ளையாரிடம் பதிவுக்கருவி பழுதாகியிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கருவி பழுதென்றால் என் கணக்கு சரியென்று ஆகிவிடும் அல்லவா? 8.25க்குச் சந்தியில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். மூன்றரை கிலோமீற்றர், 400 ரூபாய்.

"மில்லுக்கோ மிஸ்? நெல் ஒண்டையும் காணேல்ல. பெட்டிக்குள்ள என்ன?" என்றார் ஓட்டோக்காரர்.

"மீட்டர்."

"அப்ப எங்களுக்குக் கரண்ட் பில் கூடப்போகுது."

ஆலையை இயக்குபவர் சாந்தி அக்கா. பெயரை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயதிருக்கும், பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். முதலாளி சனிக்கிழமைகளில் மட்டும் வருவார். மற்ற நாட்களில் நெல்லும் உமியும் சுவிச்சும் அக்காவின் பொறுப்பு. நான் உட்காரக் கதிரையைத் துடைத்து வைத்திருந்தார்.

8.55க்கு அவர் மெயின் சுவிச்சைப் போட்டார். பதிவுக்கருவியோடு, கொண்டுபோன இரண்டாவது கருவியையும் மாட்டியிருந்தேன். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின: 2.7 மடங்கு. பிள்ளையார் கைவிட்டுவிட்டார். கருவியில் பிழையில்லை, அப்படியென்றால் பிழை என்னுடையது. மதியம் குளக்கட்டுக்கு நடந்தேன். நல்ல காற்று. கீழே வள்ளத்திலிருந்து மீன் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அழகான இடம்தான், ஆனால் அன்று எனக்கு எதுவும் மனதில் ஒட்டவில்லை. இரண்டு வருட வேலை வீண் என்று அழுகை வந்தது. தொப்பி கொண்டு போங்கள், குளக்கட்டில் நிழல் இல்லை.

நாலு மணிக்குத் திரும்பிவந்து, ஆலையை நிறுத்தி மீண்டும் ஒருமுறை மின்மாற்றியைப் போட்டுக் காட்டச் சொன்னேன். சுவரில் ஒரு அறிவுறுத்தல் பலகை இருந்தது: மோட்டார்களை ஒவ்வொன்றாக நிறுத்து, கடைசியில் மெயின். அக்கா பலகையைப் பார்த்துப் பார்த்து அப்படியே செய்தார். பிறகு மெயினைப் போட்டார். டமார் என்று ட்ரிப் சுவிச் விழுந்தது.

"ஐயோ! இது ஒருநாளும் இப்பிடி விழுந்ததில்லை மிஸ்."

கருவியில் பதினொரு மடங்கு. என் கணக்கு சொன்ன அதே அளவு. இன்னும் இரண்டு தடவை செய்தோம். இரண்டு தடவையும் பத்துக்கு மேல். காலையில் பொய்யாக இருந்த கணக்கு மாலையில் எப்படி உண்மையாகும்? நான் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அக்கா மணிக்கூட்டைப் பார்த்தார். 4.40.

"மிஸ், ஒண்டு சொல்லட்டே? முதலாளியிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. நான் ஒவ்வொரு நாளும் இப்பிடி நிப்பாட்டிறேல்ல. எங்கட பக்கம் கடைசி பஸ் அஞ்சு பத்துக்கு. மோட்டரெல்லாம் ஓடேக்கையே மெயினை ஒரே இழுவையா இழுத்துப்போட்டு ஓடுறனான். மோட்டர் லீவரை அடுத்தநாள் காலமை வந்துதான் எடுத்துவிடுறனான்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மின்சாரம் நின்ற பிறகும் மோட்டார்கள் சற்று நேரம் சுழன்றுகொண்டிருக்கும். சுழலும் மோட்டார் மின்மாற்றிக்குச் சிறிது சிறிதாகக் குறையும் மின்னழுத்தத்தைக் கொடுக்கும். இரும்பில் நின்ற காந்தமும் அதோடு குறைந்துகொண்டே போய்க் கிட்டத்தட்ட இல்லாமலாகிவிடும். மோட்டார்களை முதலிலேயே நிறுத்திவிட்டால் அந்தக் காந்தம் அப்படியே நின்றுவிடும். நானோ பலகையில் உள்ளபடி எல்லோரும் நிறுத்துவார்கள் என்று நம்பிக் கணக்குப் போட்டிருந்தேன்.

மோட்டார்களை ஓடவிட்டு ஒரே இழுவையில் நிறுத்தச் சொன்னேன். அவை ஓய்ந்ததும், மோட்டார்களின் இணைப்பைத் துண்டிக்கும் லீவர்களை எடுத்துவிட்டு மெயினைப் போட்டார். 2.4 மடங்கு, சத்தமே இல்லை. அப்போது 4.58. ஒரேயொரு அளவீட்டை யாரும் ஆதாரமாக எடுக்கமாட்டார்கள், குறைந்தது மூன்று வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவே கேட்டார்.

"இன்னும் செய்யோணுமே?"

"ஓம் அக்கா. ஆனா உங்கட பஸ்?"

"போனாப் போகட்டும். நீங்கள் இவ்வளவு தூரம் வந்தனீங்கள்."

இரண்டாவது அளவீட்டின்போது, தெருவில் அந்த பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது எங்கள் இருவருக்கும் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப நான் செய்தது பிழையே மிஸ்?" என்று மூன்றாவது முடிந்ததும் கேட்டார். மின்மாற்றிக்கு நல்லது, மெயின் சுவிச்சுக்கு அவ்வளவு நல்லதில்லை என்று உள்ளதைச் சொன்னேன். நன்றியுரையில் பெயர் போடவா என்றதற்கு அவசரமாகத் தலையாட்டி மறுத்தார். "மோட்டரை எழுதுங்கோ. ஆரெண்டு எழுதாதேங்கோ. முதலாளி கண்டாரெண்டா வேலை போயிடும்." ஓட்டோவில் அவரை வீட்டில் இறக்கினேன். பதினொரு கிலோமீற்றர், 1,200 ரூபாய். அங்கிருந்து நான் வவுனியா வந்துசேர இரவு ஒன்பதாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வரைபடங்களை நீண்ட நேரம் பார்த்தார். அத்தியாயம் தப்பியது. நன்றியுரையில் "ஆலையை இயக்கியவருக்கு" என்று மட்டும் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: தண்ணீர், தொப்பி, இரண்டாவது கருவி, சில்லறைக் காசு. ஓட்டோக்காரரின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கருவியைப் பொருத்துவதற்கு முன், சுவிச்சை நிறுத்துபவரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். நான் அதைக் கேட்காமலே நாற்பத்தொரு நாள் அளந்தேன். அவர் தானாகச் சொன்ன அன்று, எனக்காக அந்த பஸ்ஸை விட்டுவிட்டார்.