முனிரத்தினம் பெயரில் ஒரு லைசென்ஸ்

என்னைத் தெரிந்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பேய், பிசாசு, குறி, சகுனம் என்று யாராவது வாயைத் திறந்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கோயில் ஊரில் பிறந்து வளர்ந்தவன்தான், கிருத்திகை தவறாமல் படியேறுகிறவன்தான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் சாமி வேறு இந்த மாதிரிக் கதைகள் வேறு என்பது என் கட்சி. அதுவும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிறகு கேட்கவே வேண்டாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, அப்படிச் சொன்னால் நம்மில் எவனோ ஒருவன் சொல்லிக் கொடுத்திருப்பான் என்று எல்லாரிடமும் சவடால் அடித்துக்கொண்டு திரிந்தேன். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நானும் இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டுச் சிரித்தவன்தான்.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது, ஆனால் பேசுவதற்கு மட்டும்தான். திருத்தணி பஜாரில் ஒரு மாடியில் வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிற ஆபீஸ். முதலாளி சென்னையில், இங்கே பொறுப்பு என் தலையில். மொத்தம் ஆறு கம்ப்யூட்டர். முருகனுக்கு ஆறு படைவீடு இருக்கிறதே, அந்தப் பெயர்களையே ஆறுக்கும் வைத்திருந்தோம். "சுவாமிமலை ஹேங் ஆயி நிக்குது, யாராவது வந்து பாருங்க" என்று சத்தம் கேட்டால் புதிதாக வந்தவர்கள் முழிப்பார்கள். அதில் பழனி ரொம்பப் பழசாகிவிட்டது. நானே அதன் உள்ளே இருந்ததை எல்லாம் சுத்தமாக அழித்து, அட்டைப்பெட்டியில் வைத்துப் பச்சைக் கயிறு போட்டுக் கட்டி, அம்மையார்குப்பத்தில் பவர்லூம் வைத்திருந்த தணிகாசலம் என்பவருக்கு அதற்கு முந்தின மாதம்தான் விற்றிருந்தேன். புடவை டிசைன் போட வேண்டும் என்று ஆசையாக வாங்கிக்கொண்டார்.

இப்போது லைசென்ஸ் சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிளான் வரைகிற மென்பொருளுக்கு எங்களிடம் இரண்டே லைசென்ஸ். முதலில் திறக்கிற இரண்டு பேருக்குக் கிடைக்கும், மூன்றாவது ஆள் திறந்தால் காலி இல்லை என்று வரும். இதைக் காவல் காக்கிற சர்வர் சென்னையில் இருந்தது. யார், எந்தக் கம்ப்யூட்டரில், எத்தனை மணிக்கு லைசென்ஸை எடுத்தார், எத்தனை மணிக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். அதை நாம் எழுதுகிற நிரல் வழியாகக் கேட்டு வாங்க ஏபிஐ என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். ரேஷன் கடை ஜன்னல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன், முறையாகக் கேட்டால் கேட்டதை எடுத்து நீட்டும், உள்ளே நுழைய விடாது. ஆளின் பெயரைக் கொடுத்தால் அந்த ஆளின் வரலாறு முழுக்க வந்து விழுகிற மாதிரி ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன். முதலாளி மாதாமாதம் கேட்பார். அதில் ஒரு கூத்து என்னவென்றால், எங்கள் ஆபீஸில் அத்தனை பேருக்கும் பாஸ்வேர்டு ஒன்றுதான், அரோகரா. தலைதலையாக அடித்துக்கொண்டேன், ஒருத்தரும் மாற்றவில்லை. கடைசியில் என்னுடையதையும் அரோகரா என்றே வைத்துக்கொண்டேன்.

முனிரத்தினம் என் அக்கா லட்சுமியின் வீட்டுக்காரர். தமிழும் தெலுங்கும் கலந்த வீடு எங்களுடையது, அதனால் அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் எங்கள் ஆபீஸில்தான் வேலை. வரைவார், வெளியூர் போய் மனையை அளந்துகொண்டும் வருவார். அன்றைக்குப் பள்ளிப்பட்டில் ஒரு மனையை அளக்க வேண்டியிருந்தது. காலையிலிருந்தே அடைமழை.

"இன்னாடா சேகரு, வானம் பொத்துகினு ஊத்துது, நாளைக்கு போனா ஆவாதா?" என்றார்.

"மழைக்கு பயந்துகினு ஒக்காந்தா பார்ட்டி வேற ஆள பாத்துகினு பூடுவான் பாவா. ஒரு எட்டு போய்ட்டு வந்துருங்க" என்றேன். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, சிவப்பு பைக்கை எடுத்துக்கொண்டு ஒன்பதரைக்குக் கிளம்பினார்.

மழையால் மற்றவர்கள் யாரும் வரவில்லை. ஆபீஸில் நானும் கோட்டீஸ்வரியும்தான். அவளும் பிளான் வரைகிறவள்தான், நல்ல பெண், வேலையில் கெட்டி. நான் ஒரு லைசென்ஸை எடுத்து வரைந்துகொண்டிருந்தேன், இன்னொன்று அவளுக்காகச் சும்மா கிடக்க வேண்டும். பன்னிரண்டு அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, "சேகரண்ணா, லைசென்ஸ் காலி இல்லன்னு வருதுண்ணா" என்றாள். "நீயே ரெண்டு வாட்டி தொறந்து வெச்சிருப்ப, சரியா பாரும்மா" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

இரண்டு மணி வாக்கில் அக்கா வந்தாள். மாடிப்படி ஏறி வந்து வாசலில் நின்றாள், புடவையெல்லாம் தண்ணீர் சொட்டுகிறது, குடை கையில் மடக்கியபடியே இருக்கிறது. விரித்துப் பிடிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"டேய், பள்ளிப்பட்டு தரப்பாலத்துல ஒரு செவப்பு வண்டிய ஆறு அட்ச்சிகினு பூட்ச்சாம்டா. பஸ் ஸ்டாண்டுல பேசிக்கிறாங்க. உங்க பாவா போன் எடுக்கல."

நானும் போட்டுப் பார்த்தேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி, மறுபடி, பத்துத் தடவை. பள்ளிப்பட்டில் தெரிந்த ஒருவருக்குப் போட்டால் அவரும் அதையே சொல்கிறார், ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். "நீதானடா போவ சொன்ன?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவள் மெதுவாகக் கேட்டாள். அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள், பள்ளிக்கூடம் லீவு என்று வீட்டில் இருந்தன.

அந்த நேரம் பார்த்துக் கோட்டீஸ்வரி தயங்கித் தயங்கி, "அண்ணா, அந்த லைசென்ஸ் இன்னமும் வரலண்ணா, வேற யாருனா எட்த்துகினு கீறாங்களா?" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாயைத் திறந்தேன், அப்படியே நின்றுவிட்டேன். நாங்கள் இரண்டு பேர்தான் ஆபீஸில் இருக்கிறோம். அப்புறம் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

நிரலை ஓட்டினேன். கோட்டீஸ்வரி பெயருக்கு அன்றைக்கு ஒன்றும் இல்லை. என் பெயருக்கு ஒன்று. அடுத்து முனிரத்தினம் என்று கொடுத்தேன். ஒரே ஒரு வரி வந்தது. இன்றைய தேதி. எடுத்தது பதினொன்று நாற்பத்திரண்டு. கம்ப்யூட்டர் பழனி. திருப்பிக் கொடுத்த நேரம் என்ற இடம் காலி.

நம்பினால் நம்புங்கள், நான் எழுந்து குதித்தேன். "அக்கா! பாவா அம்மையார்குப்பத்துல கீறாரு! தணிகாசலம் வூட்ல ஒக்காந்துகினு கீறாரு!" மழை ஜாஸ்தியாக இருக்கிறதே என்று வழியில் அவர் வீட்டில் ஒதுங்கி, சும்மா இருப்பானேன் என்று வரைய உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் அழித்தவனே நான்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. அந்த நேரத்தில் யாருக்குங்க மூளை வேலை செய்யும்?

தணிகாசலத்தின் போனும் கிடைக்கவில்லை. தெரிந்த வேன் ஒன்றைப் பிடித்து நானும் அக்காவும் போனோம். மழையில் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. தணிகாசலம் லுங்கியோடு வெளியே வந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"முனிரத்தினமா? வரலியேங்க."

"கம்ப்யூட்டர்ல வேல செஞ்சிகினு இருந்தாரேங்க, காலைல!"

"எந்தக் கம்ப்யூட்டருங்க? அத்த இன்னும் பிரிக்கவே இல்ல. நல்ல நாள் பாத்து பூஜ போட்டுட்டு பிரிக்கலாம்னு வெச்சிகினு கீறோம். அதுவும் இல்லாம ராத்திரிலேர்ந்து கரண்டே இல்லீங்களே."

உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார். பரண்மேல் அட்டைப்பெட்டி, மூலைக்கு மூலை மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருக்கிறது. பச்சைக் கயிறு நான் போட்ட முடிச்சோடு அப்படியே இருக்கிறது. சென்னை சர்வரோடு பேச இன்டர்நெட் வேண்டுமே, அந்த வீட்டில் டெலிபோன் இணைப்பே கிடையாது. அக்கா தறிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், அழக்கூட இல்லை.

பள்ளிப்பட்டுக்குப் போகலாம் என்றார் தணிகாசலம். அதுதான் நியாயம். ஆனால் எனக்கு ஒரு வெறி வந்தது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, கொட்டுகிற மழையில் அந்த வீட்டைச் சுற்றி ஓடினேன். அவர்கள் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். பின்பக்கச் சந்தில் யாரும் புழங்காத ஒரு பழைய தறிக்கொட்டகை. அதன் மண்சுவர் சரிந்து குவியலாகக் கிடந்தது. "அது மத்தியானம் உழுந்துச்சிங்க, அங்க யாரும் போவ மாட்டாங்க" என்றார் பின்னாலேயே வந்த தணிகாசலம். நான் குவியலைப் பார்த்து "பாவா!" என்று கத்தினேன். சத்தமில்லை. இன்னொரு தடவை கத்தினேன்.

"சேகரு..."

கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல்.

அக்கம்பக்கத்துத் தறிக்காரர்கள் நாலு பேர் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். கூரைத் தகடு ஒன்று பைக்கின்மேல் சாய்ந்து கொஞ்சம் இடம் விட்டிருந்தது, அந்த இடத்துக்குள் ஒடுங்கிக் கிடந்தார் பாவா. வலது கால் உடைந்திருந்தது, போன் நசுங்கியிருந்தது, வாயெல்லாம் மண். ஆனால் உயிர் இருந்தது, கண்ணைத் திறந்து பார்த்தார். அக்கா அவர் நெஞ்சில் குத்திக் குத்தி அழுதாள். "பாவி மனுசா, வாய தொறந்து கத்தக்கூடாதா நீ?" அவரோ, "எம்மாம் நேரம்தான்டி கத்தறது, மழை சத்தத்துல எவனுக்கு கேக்குது" என்றார். அந்த நிலைமையிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த நிம்மதி மாதிரி இந்த ஜென்மத்தில் இன்னொன்று கிடைத்ததில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, மூன்று மாதத்தில் நடந்துவிடுவார் என்று டாக்டர் சொன்னபோது, காரிடாரில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி தேம்பினேன். ஆற்றில் போன சிவப்பு வண்டி வேறொருவருடையதாம், அவரும் வண்டியை விட்டுவிட்டுக் குதித்துக் கரையேறியிருக்கிறார்.

மறுநாள் கோட்டீஸ்வரி, "நாலு மணிக்கு மேல அந்த லைசென்ஸ் தானா காலியாச்சிண்ணா" என்றாள். நாங்கள் பாவாவை வெளியே எடுத்த நேரம் அது. சென்னை சர்வர்காரர்களிடம் கேட்டேன், யாராவது விளையாடினார்களா என்று. பாஸ்வேர்டு அரோகராவாயிற்றே, யார் வேண்டுமானாலும் நுழையலாம். பெயரை எவனும் போடலாம் சார், ஆனால் உங்கள் லிஸ்டில் பழனி என்று ஒரே ஒரு மெஷின்தான், அதிலிருந்துதான் வந்திருக்கிறது என்று முடித்துவிட்டார்கள். அது பெட்டிக்குள் இருந்தது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? நானும் விட்டுவிட்டேன். மண்ணுக்கடியில் கிடந்த மனுஷனின் உயிர் எப்படியோ ஒரு வழி கண்டுபிடித்து என்னைக் கூப்பிட்டிருக்கிறது, முருகன் புண்ணியம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். கொஞ்ச நாள் அது போதுமானதாகவும் இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாவா கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் இரண்டும் அந்தக் கட்டின்மேல் பூ வரைந்துகொண்டிருந்தன. நான் பேச்சோடு பேச்சாக, "பதினொன்னே முக்கால்லேர்ந்து செவுத்துக்கு அடியில கெடந்திருக்கீங்களே பாவா" என்றேன்.

"யார்ரா சொன்னது?" என்றார். "தணிகாசலம் வூட்டாண்ட போறதுக்குள்ள மழ வலுத்துச்சு, அந்த கொட்டாயில ஒதுங்கறப்போ வாச்ச பாத்தேன், ஒண்ணேகாலு. அதுக்கப்பறம்தான் செவுரு உழுந்துச்சு. பதினொன்னே முக்காலுக்கு நான் மெயின் ரோட்ல டீ கடைல போண்டா துன்னுகினு இருந்தேன்டா. ஆத்துல தண்ணி ஜாஸ்தின்னாங்க, திரும்பி வூட்டுக்கே வந்துர்லாமான்னு ரோசன பண்ணிகினு இருந்தேன். தணிகாசலம் வூட்டு பக்கம் போற நெனப்பே அப்ப இல்ல."

தணிகாசலம் வீட்டிலும் விசாரித்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகுதான் சுவர் விழுந்த சத்தம் கேட்டதாம்.

பாவா இன்றைக்கும் நன்றாக இருக்கிறார், மழை வந்தால் மட்டும் கால் வலிக்கிறது என்பார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துதான் போகிறது. ஆனால் அன்றைக்குப் பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அவர் நல்லபடியாக நின்று போண்டா தின்றுகொண்டிருந்தார், அவருக்கு ஒரு ஆபத்தும் வந்திருக்கவில்லை, சுவர் நின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்திலேயே அவர் பெயரில் யார் அங்கே உட்கார்ந்து, நான் வந்து கேட்பேன் என்று காத்திருந்தார்கள் என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.