பதினெட்டாவது பிடி

2006 மார்ச் 9, வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது. விருதுநகரில் அந்நேரத்துக்கே வெயிலில் கண் கூசியது, காற்று இல்லை. காது பரிசோதிக்கிற கண்ணாடி அறையில் என்னை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். முப்பத்தொரு தடவை அமுக்கினேன். அதில் நான்கு, சத்தமே இல்லாதபோது அமுக்கியவையாம். பரிசோதித்த பெண் சொன்னாள்: "பேச்சு நல்லாக் கேக்கும் அய்யா. உச்சத்துல உள்ள சத்தந்தான் உங்களுக்கு வரல."

மாமாவின் ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான அவர், விஸ்வநத்தத்தில் ஒரு வெடி கம்பெனியில் வேலை பார்த்தார். ஒவ்வொரு லோடிலிருந்தும் பத்து வெடியை எடுத்துக் கொளுத்திப் பார்ப்பதுதான் வேலை. முகூர்த்த நாட்களில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பார். ஊரில் அவருக்கு மரியாதை இருந்தது அதனால்தான்.

திருத்தங்கலில் பெரிய வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. மாமாவின் குழலில் மேல் சுரங்கள் மூன்றும் இறங்கி ஒலிக்கின்றன, சரி செய்யாவிட்டால் மதுரையிலிருந்து வேறு ஆள் வரும் என்று செட்டின் தலைவர் சொல்லிவிட்டார். கிளாரினெட்டில் கீழ்ச் சுரங்களுக்கு விரல் வைக்கும் இடம் நிச்சயம். உச்சிக்குப் போனால் ஒரே சுரத்துக்குப் பத்திருபது பிடிகள் உண்டு. ஒரு துளையை அரைவாசி திறப்பது, சுண்டுவிரல் சாவியைச் சேர்ப்பது என்று. எந்தப் பிடி சுருதியில் நிற்கும் என்பது குழலுக்குக் குழல் மாறும். ஊதித்தான் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்தோம். இரவல் ஆர்மோனியத்தில் நான் ஒரு கட்டையை அமுக்கித் துருத்தியை அசைப்பேன். மாமா ஊதுவார். சேர்கிறதா என்று நான் சொல்ல வேண்டும். பிழையாய் அச்சான தீப்பெட்டி லேபிள்களின் பின்புறத்தில், மூடிய துளைக்குக் கறுப்பு வட்டம், திறந்ததற்கு வெறும் வட்டம் போட்டுக் குறித்துவைத்தோம். முதல் சுரம் ஐந்தாவது பிடியில் சேர்ந்தது. இரண்டாவது, பதினொன்றில். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த மூன்றாவது, பதினேழு பிடிகளுக்கும் படியவில்லை. மணி இரண்டாகிவிட்டது. கை வலித்தது, பசித்தது. மாமா என் காதை மெச்சுகிறார் என்ற பெருமை காலையோடு தீர்ந்துபோயிருந்தது.

"மருமகனே, நல்லாக் கேட்டுச் சொல்லுலே. சேருதா?"

பதினெட்டாவதும் நூலளவு கீழேதான் தொங்கியது.

"சேருது மாமா" என்றேன்.

அந்த லேபிளை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கித் தந்தார்.

கல்யாண ஊர்வலத்தில் அந்தச் சுரத்தை மாமா சந்தோஷமாக நீட்டி ஊதினார். இரண்டாம் தடவை ஊதியபோது தலைவர் கையை உயர்த்தி செட்டையே நிறுத்தினார். "என்னய்யா, காதுக்குள்ள வெடிமருந்த அடைச்சு வச்சிருக்கீகளா?" கூட்டம் சிரித்தது. மாமாவும் சிரித்தார். மருமகன்தான் சேருது என்றான் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில்கூட. அதன்பிறகு செட்டிலிருந்து அவரைக் கூப்பிட ஆள் வரவில்லை.

எனக்கு அப்போது கோபம் மாமா மேல்தான் வந்தது. நாம் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கிறதே, இரண்டு காதும் இருக்கிறதே, பிறகு என்னை எதற்கு நம்பினார் என்று. பதினொரு வருடம் தினமும் வெடிக்குப் பக்கத்தில் நின்ற காது அது என்பது எனக்கு அன்று தெரியாது. பதினெட்டுப் பிடிகளும் அவருக்கு ஒன்றுபோலவே கேட்டிருக்கும்.

"கேக்காமலே ஏன் அய்யா அமுக்குனீக?" என்று அந்தப் பெண் கேட்டாள். காது மிஷின் என்ன விலை என்று கேட்டேன். இரண்டு காதுக்கும் மிஷின், பேட்டரியோடு சேர்த்து, பதினெட்டாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்.