பின்னால் நகர்ந்த நாற்காலி

எனக்கு அறுபத்தெட்டு வயது. ரெங்கம் என்ற சிற்றூரில் தனியாக இருக்கிறேன். கால் பலத்துக்காகத் தினமும் காலையில் நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுவேன். அது இறந்துபோன என் கணவரின் நாற்காலி; கூடத்தின் நடுவில் கிடக்கும். பயிற்சி முடியும்போது ஒரு சாண் பின்னால் போயிருக்கும். அவர்தான் இழுக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

“தரை வழுக்குதும்மா. செவுத்தோரமா போடுங்க லா,” என்றாள் என்னைப் பார்க்க வந்த மகள். அவர் இடத்தை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, சாமி கும்பிட வீட்டைத் துடைத்த ஈரத்திலேயே பயிற்சி செய்தேன். எட்டாம் முறை உட்கார்ந்தபோது பின்னால் ஒன்றுமில்லை. விழுந்த என் தலைக்கும் சாமி மேடையின் விளிம்புக்கும் ஒரு விரல் இடைவெளிதான்.

இப்போது நாற்காலி காய்ந்த தரையில், சுவரோடு ஒட்டி இருக்கிறது. கையால் தொட்டுப் பார்த்த பிறகே உட்காருகிறேன். நேற்று எழுந்ததும் தலை சுற்றி இரண்டடி முன்னால் தள்ளாடினேன். பயத்தில் கையைப் பின்னால் நீட்டினேன்.

நாற்காலி எனக்குப் பின்னாலேயே வந்து நின்றிருந்தது.